ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் ஆக என்ன படிக்கணும் மாஸ்டர்?

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். பிளஸ் டூ படிக்கிறான், எங்கள் பாடகர் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவன், இரண்டு வருடமாக வயலினும் வாசிக்கிறான். நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மாஸ்டர், நீங்க செய்யறத நானும் செய்யணும்னா என்ன படிக்கணும்?"

"வயலின் சொல்லிக் கொடுக்கிறதா?"

"அது இல்ல மாஸ்டர். முன்னாடி நின்னு கை காட்டறீங்கல்ல, அது."

அதற்குள் அவனுடைய அம்மா போனில் கூப்பிட்டுவிட்டார். பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். எங்கள் ராமேஸ்வரம் பக்கத்தில், தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் அவனைப் போல இன்னும் நாலைந்து பேர் மனதுக்குள் இதே கேள்வியை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வீட்டில் இதைக் கேட்டால், கண்டக்டர் என்றால் அரசுப் பேருந்தா தனியாரா என்றுதான் பதில் வரும், அது அவர்கள் தப்பில்லை, எங்கள் கடற்கரையில் யாரும் இந்த வேலையைப் பார்த்ததே கிடையாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தம்பி. நேரடியாகக் கண்டக்டராக யாரும் ஆவதில்லை. முதலில் வாத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது பாடகனாக. கூட்டத்தின் நடுவே ஒரு நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தாலிக்காரர் தோஸ்கனினி வயலின் மாதிரியே ஆனால் பெரிதான செல்லோவை வாசித்துக்கொண்டிருந்தவர். 1886இல் ஒரு ஓபரா (பாட்டு நாடக) குழுவோடு பிரேசிலுக்குப் போனபோது, ரியோவில் கண்டக்டர் விஷயத்தில் பெரிய சண்டையாகி, அரங்கில் கூச்சல் நிற்காமல், கடைசியில் செல்லோ வரிசையில் இருந்த இவரை எழுப்பி முன்னால் நிறுத்தினார்கள். வயது 19. அந்த ஓபரா முழுவதையும் மனப்பாடமாக நடத்தினார். இதை ஏதோ அதிர்ஷ்டக் கதை மாதிரி எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னுடைய செல்லோ வரியை மட்டும் வாசித்துவிட்டு அறைக்குப் போயிருந்தால் அன்றைக்கு அவரால் கையைத் தூக்கியிருக்க முடியாது. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், அதுதான் கைகொடுத்தது.

நம் நாட்டிலிருந்து போனவர் சூபின் மேத்தா. 1936இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், பம்பாயில் ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி நடத்தியவர். மகன் டாக்டருக்குப் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு, 18 வயதில், 1954இல், வியன்னாவுக்குப் போனார். அங்கே ஹன்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் கண்டக்டிங் படித்தார், கூடவே டபுள் பேஸ் வாசித்தார். நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்கு அடுத்த விஷயம். அப்போது வியன்னாவில் பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வெளியாட்கள் பார்க்க முடியாது. மேத்தாவும் அவரோடு படித்த கிளாடியோ அபாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா, அந்த ஒத்திகைகள் நடந்த இசை மன்றத்தின் பாடகர் குழுவில் பேஸ் பாடகர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடகர் குழு மேடையில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் கண்டக்டரின் முகம் நேராகத் தெரியும். காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவனுக்கு அவருடைய முதுகுதான் தெரியும்.

நீயும் பேஸ்தான் பாடுகிறாய். உன் இடம் எப்பேர்ப்பட்ட இடம் என்று இப்போது புரிகிறதா?

மேத்தா 1958இல் லிவர்பூல் கண்டக்டர் போட்டியில் ஜெயித்தார், அப்புறம் மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், இஸ்ரேல் என்று போய்விட்டார். 2005 டிசம்பர் 26, சுனாமி வந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், ஜெர்மனியின் பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவோடு சென்னை மியூசிக் அகாடமிக்கு வந்து நினைவு நிகழ்ச்சி நடத்தினார். நான் அப்போது சென்னையில்தான் இருந்தேன். உள்ளே போக எனக்கு வழி இருக்கவில்லை, மறுநாள் பேப்பரில் படத்தைப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் அதே நாளில் ஊருக்குப் போன் போட்டு லைன் கிடைக்காமல் ராயப்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத் வாசலில் மதியம் வரை நின்றவன் நான். எங்கள் பக்கத்துக்கு இலங்கை குறுக்கே நின்றதால் நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழவில்லை, ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும். அந்தப் படத்தில் அவருடைய இடது கை பாதி உயரத்தில், உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தது. சத்தத்தை அடக்கு என்ற சைகை அது. அதை வெட்டி ரொம்ப நாள் நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு முதலில் ஆர்மோனியம் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலின் உபதேசியார். அவருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் சுரங்களை எழுதுகிற முறை, தெரியாது, காதுதான். ஆனால் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழே நான்கு குரலில் ஒரு பாட்டு பாடும்போது ஆல்டோவில் யார் இறங்கினார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போய் வயலின் கற்றேன், கிரேடு பரீட்சைகள் எழுதினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுகளில் வாசித்தேன், கிறிஸ்துமஸ் சீசனில் கேரல் நிகழ்ச்சிகளில் இரண்டாவது வயலின் வரிசையில் கடைசி நாற்காலி. ஏழு வருடம் அந்த வரிசையிலேயே இருந்தேன். முதல் வயலினுக்கு நகரவில்லையே என்று அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது அந்த ஏழு வருடத்தை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். முதல் வயலினுக்கு மெட்டு இருக்கிறது, அதனால் அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவது வயலினுக்கு நடுவில் ஓடுகிற நிரப்பு வேலை, மேலே மெட்டையும் கீழே பேஸையும் கேட்டால்தான் அவனால் தன் வரியைச் சரியாக வாசிக்க முடியும்.

கண்டக்டிங் சொல்லிக் கொடுத்தவர் பழைய ஆள், சினிமா ஆர்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் பல வருடம் வாசித்தவர். முதல் எட்டு மாதம் என்னை கையையே தூக்கவிடவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய நாலு குரல் கோரல்களை, அதாவது சர்ச் பாட்டுகளை, கொடுத்தார். ஒரு குரலை நான் பாட வேண்டும், மற்ற மூன்றையும் பியானோவில் வாசிக்க வேண்டும். மெட்டு இருக்கிற சோப்ரானோவைப் பாடிக்கொண்டு மீதியை வாசிப்பது சுலபம். டெனரைப் பாடிப் பார், வாய் தானாக மெட்டுக்குத் தாவிவிடும். அப்படித் தாவினால் மறுபடி முதலிலிருந்து. ஒரே கோரலில் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன். பியானோ சரியாக வராது எனக்கு, அதற்காகவே விரல் பழக்கினேன். வயலின் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைக்காதே தம்பி, பல குரல்களை ஒன்றாகக் கேட்டுப் பார்க்க வீட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு கீபோர்டுதான்.

அப்புறம் ஸ்கோர் படிப்பது. ஸ்கோர் என்றால் எல்லா வாத்தியங்களின் வரியும் ஒரே பக்கத்தில் அடுக்கியிருப்பது. மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், அதற்குக் கீழே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், அப்புறம் டிம்பனி, அடியில் வயலின் தொடங்கி டபுள் பேஸ் வரை. பார்த்தவுடன் தலை சுற்றும். இதில் இன்னொரு சிக்கல், சில வாத்தியங்களுக்கு எழுதியிருப்பது ஒன்று, காதில் விழுவது வேறு. கிளாரினெட்காரர் காகிதத்தில் 'சி' என்ற சுரமாக இருப்பதை ஊதினால் கேட்பது பி ஃப்ளாட். ஹார்ன்காரர் அதே 'சி'யை ஊதினால் எஃப். வயோலாவுக்கு வேறு ஒரு கிளெஃப், அதாவது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டுகிற குறி. இத்தனையையும் மனதுக்குள் மாற்றி, ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் அது எப்படிக் கேட்கும் என்று சத்தமில்லாமல் காதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்டக்டரின் வேலையில் பெரும்பகுதி இதுதான், தனியாக, மேஜையில், பென்சிலோடு. மேடையில் நிற்பது அதற்கு அப்புறம் வருகிற சின்னப் பகுதி.

கை வேலைக்கு வருவோம். வலது கை தாளம். நாலு எண்ணிக்கை என்றால் கீழே, உள்ளே, வெளியே, மேலே. மூன்று என்றால் கீழே, வெளியே, மேலே. இதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். இடது கைதான் கஷ்டம். அது வலது கையைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு: வலது கை நாலு நாலாக அடித்துக்கொண்டே இருக்க, இடது கை எட்டு எண்ணிக்கைக்குள் மெதுவாக, எங்கும் குலுங்காமல், இடுப்பிலிருந்து தோள் வரை ஏற வேண்டும், அடுத்த எட்டில் அதே மாதிரி இறங்க வேண்டும். முதல் நாள் செய்து பார், இடது கை ஒவ்வொரு அடிக்கும் துள்ளும். எனக்கு அது நிற்க இரண்டு மாதம் ஆனது. கண்ணாடி முன்னால் நின்று செய். வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை.

நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை நீ போனில் கேட்டிருப்பாய், அந்த நாலு சுரம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அது சத்தத்தில் தொடங்கவில்லை. முதல் அடியில் ஒரு அமைதி எழுதியிருக்கிறார், அரை எண்ணிக்கை அமைதி. அதற்கு அப்புறம்தான் மூன்று சுரம், பிறகு நீளமாக நிற்கிற நாலாவது. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், அரை இடம் தள்ளி எடுப்பு. தாளம் விழுந்த பிறகு பாட்டு தொடங்குகிறது. கச்சேரியில் ஒருவர் பாடுகிறார், தாளமும் அவர் கையிலேயே இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை. இங்கே வயலின்களும் வயோலாக்களும் செல்லோக்களும் பேஸ்களும் கிளாரினெட்களும் ஒரே நேரத்தில், யாரும் யாருக்கும் முந்தாமல், அந்த அமைதிக்குப் பின்னால் குதிக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் இருப்பது கண்டக்டர் கையைத் தூக்குகிற ஒரே ஒரு அசைவு. வேகம் எவ்வளவு, எவ்வளவு பலமாக, எவ்வளவு கோபமாக, எல்லாமே அந்தத் தூக்கலுக்குள் இருக்க வேண்டும்.

முதல் தடவை நான் அதை முயன்றபோது பதினோரு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள், எல்லோரும் என்னோடு வாசிக்கிற நண்பர்கள். கையைத் தூக்கி இறக்கினேன். பதினோரு பேரும் பதினோரு இடத்தில் தொடங்கினார்கள். மறுபடி செய்தேன், இன்னும் பலமாக. இன்னும் மோசமானது. ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். "நீ மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற. நீ மூச்சே விடலன்னா அவங்க எப்ப விடுவாங்க?" என்றார். கையை மறந்துவிட்டு, பாடப் போகிறவன் மாதிரி மூச்சை இழு, கை தானாக அதோடு மேலே வரட்டும் என்றார். இழுத்தேன். பதினோரு பேரும் என்னோடு சேர்ந்து மூச்சு இழுத்ததை நான் கேட்டேன், நிஜமாகவே காதில் கேட்டேன். நாலு சுரமும் ஒன்றாக விழுந்தன.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன், விடியற்காலையில் பிடிபட்டது. கரைவலை. தென்கடல் கரையில் என் பெரியப்பா கரைவலை இழுக்கிற கூட்டத்தில் அம்பா என்கிற வலை இழுப்புப் பாட்டைப் பாடுகிறவர். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வரிசையாக ஆட்கள் நிற்பார்கள், சின்னப் பையன்கள் நாங்கள் வாலில் தொங்குவோம். பெரியப்பா ஒரு வரி எடுப்பார், கூட்டம் 'ஏலேலோ' என்று வாங்கும், அந்த வாங்கலில்தான் இழுப்பு. ஆனால் இழுப்பு எப்போது என்று எங்களுக்குத் தெரிவது அவர் பாட்டிலிருந்து இல்லை, பாட்டுக்கு முன்னால் அவர் மூச்சு எடுக்கிற சத்தத்திலிருந்து. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோருடைய முட்டியும் மடங்கும், குதிகால் மணலில் புதையும். அதற்கு மேல் வரி வந்தாலும் வராவிட்டாலும் கயிறு வந்துவிடும். மீன் சேர்ந்த வலையின் மடி கரை தட்டப் போகிற நேரத்தில், வலை கிழிந்துவிடாமல் இருக்க, இழுப்பை மெதுவாக்க வேண்டும். அதற்கும் அவர் யாரையும் அதட்டியதில்லை. மூச்சை நீளமாக எடுப்பார். அவ்வளவுதான். எழுபது கை மெதுவாகிவிடும்.

வியன்னாவில் படித்தாலும் சரி, வேர்க்காட்டுக் கடற்கரையில் படித்தாலும் சரி, நீ கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான் தம்பி. அம்பா பாடுகிறவர் கயிற்றைத் தொடுவதில்லை. கண்டக்டர் எந்த வாத்தியத்தையும் தொடுவதில்லை. அடுத்தவர்களின் உடம்பைத் தயார் செய்வதுதான் வேலை. கையில் இருக்கிற பேட்டன் என்கிற குச்சி அதற்குப் பிறகு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸில் லுல்லி என்பவர் ஒரு பெரிய தடியால் தரையைத் தட்டித் தாளம் போடுவார், ஒரு நாள் தன் கால் விரலிலேயே குத்திக்கொண்டு, புண் அழுகி, 1687இல் இறந்துபோனார். அதனால் மென்மையான குச்சியைப் பிடித்துக்கொள், அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் தோள் வரை இறுகும், தோள் இறுகினால் வயலின்காரர்களின் வில்லும் இறுகும். இது விளையாட்டுப் பேச்சு இல்லை, நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

படிப்புக்கு எங்கே போவது என்று கேட்பாய். டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டும் கிரேடு பரீட்சை நடத்துகின்றன, எட்டு கிரேடுகள், தியரி தனி. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான ஒன்றோ இல்லாமல் ஆறாம் கிரேடு வாத்தியப் பரீட்சைக்கு உட்கார முடியாது, அதனால் தியரியைத் தள்ளிப்போடாதே. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி இருக்கிறது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் தொடங்கிய சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் உண்டு. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இலிருந்து இருக்கிற பாடகர் குழு. மும்பையில் என்.சி.பி.ஏ. என்ற கலை மையத்தில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. கண்டக்டிங்கை மட்டும் பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் வெளிநாடுதான், அதுவும் பல இடங்களில் முதலில் ஒரு வாத்தியத்தில் பட்டம் முடித்துவிட்டு.

வருமானம் பற்றியும் நேராகச் சொல்கிறேன், உன் அப்பா கேட்பார். கண்டக்டராக மட்டும் இருந்து மாதச் சம்பளம் வாங்குகிற இடம் இந்தியாவில் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான். மீதிப் பேர் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், பள்ளிகளில், சர்ச்சுகளில், வீடுகளில், ரெக்கார்டிங்குக்கு நோட்டேஷன் எழுதுகிறார்கள். இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோது நம் ஊர் டீக்கடைகளில் எல்லாம் அதுதான் பேச்சு. எழுதியது அவர். மேடையில் நின்று நடத்தியது மைக்கேல் டாம்ஸ் என்ற கண்டக்டர். இரண்டும் வேறு வேறு வேலை என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. ஒரு தமிழர் எழுதியதை ஒரு நாள் ஒரு தமிழ்ப் பையன் அந்த இடத்தில் நின்று நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை.

நான் 2013இல் ஊருக்குத் திரும்பினேன். திரும்பியபோது எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். முதலில் ஒரு பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியட் கொடுத்தார்கள், ஜனவரி வந்ததும் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வருடமும் அதே கதை. அப்புறம்தான் சனிக்கிழமை வகுப்பைக் கோயில் மண்டபத்தில் தொடங்கினேன். ஆறு பிள்ளைகள். இப்போது பதினாலு வயலின், இரண்டு செல்லோ, ஒரு புல்லாங்குழல், ஒரு கீபோர்டு, பாட முப்பது பேர்.

சொல்லிக் கொடுப்பதை மேடைக்கு வழி கிடைக்காதவன் செய்கிற வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. லியனார்ட் பெர்ன்ஸ்டைனைப் பார். 1943 நவம்பர் 14, அன்றைக்கு நடத்த வேண்டிய புரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லை, 25 வயதுப் பையனை ஒத்திகை இல்லாமல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் முன்னால் நிறுத்தினார்கள், அது நாடு முழுக்க ரேடியோவில் போனது, ஒரே நாளில் பெயர். அப்படிப்பட்டவர் 1958இலிருந்து 1972 வரை சிறுவர்களுக்காக டிவியில் 53 நிகழ்ச்சிகள் நடத்தினார். மெட்டு என்றால் என்ன, இன்டர்வல், அதாவது இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள தூரம், என்றால் என்ன, இதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளிடம். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு கராஜில் பதினோரு பிள்ளைகளோடு தொடங்கிய எல் சிஸ்தேமாவில் வளர்ந்தவர்தான் குஸ்தாவோ துதாமெல், 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்கெஸ்ட்ராவின் இயக்குநராக வந்து நின்றார். கராஜில் பதினோரு பேர். கோயில் மண்டபத்தில் ஆறு பேர். நான் இந்தக் கணக்கை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் இதற்கென்று தனிக் கஷ்டங்கள் இருக்கின்றன. உப்புக் காற்று. வயலினின் ஈ தந்தி இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பேறிவிடும், பிள்ளைகளின் விரல் நுனியில் துரு ஒட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தந்தியை முறுக்குகிற பெக் வழுக்கிக்கொண்டே இருக்கும், சாக்பீஸ் தேய்த்து நிறுத்துவோம். ஐப்பசி மழையில் பசை விட்டு அடிப்பலகை ஓரத்தில் வாய் பிளக்கும். போன வருடம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, அரை சைஸ் வயலின் வாசிக்கிறவள், பெட்டியைத் திறந்ததும் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் சாய்ந்து தந்தி எல்லாம் தொங்கிப் போயிருந்ததைப் பார்த்து, யாரோ இறந்துவிட்ட மாதிரி அழுதாள். உள்ளே நிற்கிற சின்ன மரக்குச்சி, சவுண்ட் போஸ்ட், அதுவும் விழுந்திருந்தது. அதை நிமிர்த்தி உள்ளே நிறுத்த மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. மூன்று வாரம் அவள் வயலின் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள், வில்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு காற்றில் வாசித்தாள். திரும்பி வந்தபோது அவள் வில் எல்லோருடையதையும் விட நேராக இருந்தது.

செல்லோ வந்த கதை தனி. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரில் நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அந்த நடுக்காலத்தில்தான் சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு செல்லோ கிடைத்தது. ரயில் தீவுக்குள் வராது. ராமநாதபுரத்தில் இறக்கி, ஒரு மீன் வண்டி டிரைவர், எங்கள் பிள்ளை ஒருவனின் மாமா, காலி வண்டியில் மெத்தை விரித்து அதைப் படுக்க வைத்து ரோட்டுப் பாலத்தில் கொண்டுவந்தார். பாலத்தின் மேல் காற்றுக்கு வண்டி ஆடியபோது தானும் பின்னால் ஏறிப் படுத்து அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியதாம். செல்லோ பெட்டியைத் திறக்கும்போது இன்றைக்கும் லேசாக ஐஸ் மீன் வாடை வரும். அதை வாசிக்கிற பிள்ளைக்கு அந்த வாடைதான் செல்லோவின் வாடை.

பெரியவர்கள் எப்போது ஒத்திகைக்கு வருவார்கள் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. விசைப்படகு போகிற நாட்களில் டெனர், பேஸ் வரிசை காலியாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், வீட்டில் பணம் இருக்காது, எல்லோர் முகத்திலும் அது தெரியும், ஆனால் எல்லோரும் வருவார்கள். என் வருடத்தின் பெரிய வேலை முழுக்க அந்த 61 நாளில்தான் நடக்கிறது. ஜூலையில் எங்கள் கோயிலின் புனிதர் சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் பாடுவது எல்லாம் அப்போது படித்தவைதான். கையில் தழும்பும் வெட்டும் உள்ள ஆட்கள் டோ ரே மி கை அடையாளங்களை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, 'மி'க்கும் 'ஃபா'வுக்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியைச் சரியாகப் பிடிக்க நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பாடுவதை நீயும் பார்த்திருக்கிறாய், நீ நிற்கிற வரிசைதானே அது. அவர்களிடம் மூச்சைப் பற்றி நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கினால் போதும், முட்டி லேசாக மடங்கும்.

சரி தம்பி, இந்தச் சனிக்கிழமையிலிருந்து மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வா. திருவிழாப் பாட்டின் நாலு குரல் ஸ்கோரைத் தருகிறேன். நீ உன் பேஸ் வரியைப் பாட வேண்டாம், அது உனக்குத் தெரியும். டெனரைப் பாடு, மற்றதைக் கீபோர்டில் வாசி. வாய் மெட்டுக்குத் தாவும், தாவினால் முதலிலிருந்து. வரும்போது இரண்டு பென்சில் கொண்டு வா, பேனா வேண்டாம், ஸ்கோரில் இன்றைக்கு எழுதுவதை அடுத்த வாரம் அழிக்க வேண்டியிருக்கும். ரப்பர் என்னிடம் இருக்கிறது.